மதிய விமானத்தில் மிஞ்சிய ஓர் இடம்

காலை பத்து மணி இருபது நிமிடம். எங்கள் டிராவல் ஏஜென்சி அலுவலகத்துக்குக் காப்பி வருகிற நேரம். டம்ளரை வாங்கி மேசையில் வைத்தபோது ஃபோன் அடித்தது. ஏர்லைன் ரிசர்வேஷனிலிருந்து ஒரு பெண் பேசினாள். அன்று மாலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டிய பம்பாய் விமானம் இரவு எட்டரைக்கு மாற்றப்பட்டிருக்கிறது, பயணிகளுக்குத் தெரிவித்துவிடுங்கள் என்றாள். காரணம் சொல்லவில்லை. கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை. அந்த விமானத்தில் போகவிருந்தவர்களில் ஒருத்தி என் மகள் எஸ்தர்.

டிக்கெட்டிங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். நான் வேலையை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. கட்டணம் போடுவது, டிக்கெட் எழுதுவது எல்லாம் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. அதில் நான் சொல்லித்தர எதுவும் மிச்சமில்லை. விமான நேரம் மாறினால் பயணியின் செல்போனுக்கே செய்தி போய்விடுகிறது என்கிறார்கள். ஆனால் நேரம் மாறுவது நின்றுவிடவில்லை. மாறும்போது யாரை முதலில் கவனிப்பது என்ற கேள்வியும் அப்படியேதான் இருக்கிறது. அதனால் அந்த ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன். இதில் நான் கற்றது என்ன என்று கேட்டால் உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பெங்களூரிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலர் மாலை விமானத்தில் பம்பாய் போய், அங்கே இரவு விமானத்துக்கு மாறுவார்கள். இரண்டும் வேறு வேறு ஏர்லைன். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது ஏர்லைன்காரர்களுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. நேர மாற்றம் வந்த உடனே நீங்கள் செய்ய வேண்டியது, பயணிகளின் பெயர்களை இரண்டாகப் பிரிப்பது. சில மணி நேரம் மட்டும் இழப்பவர்கள் ஒரு பக்கம். அந்த நாளையே இழப்பவர்கள் மறுபக்கம். முதல் பக்கத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள். அன்று எனக்குக் கிடைத்த முதல் பயணி, இரவுச் சாப்பாட்டுக்குப் பம்பாயில் மாமனார் வீட்டில் காத்திருப்பார்களே, அதற்கு யார் பதில் சொல்வது என்று வெகுநேரம் பேசினார். இரண்டாவது பக்கத்தில் இரண்டே பேர். இருவருக்கும் விசாவில் நுழைவதற்குக் கடைசி நாள் அன்றுதான். நள்ளிரவுக்குள் அங்கே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் விசா வெறும் தாள்.

ஒருவர் முனுசாமி. ஒக்கலிபுரத்துக்காரர், வெல்டர். அவருடைய ஏஜென்ட் விசாவை இழுத்தடித்துக் கடைசி வாரத்தில்தான் கையில் கொடுத்திருந்தான். இன்னொருத்தி எஸ்தர். நர்சிங் முடித்தவள். ஓர் அரசு மருத்துவமனையில் அவளுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கி வருவதற்குள் நாட்கள் கரைந்துவிட்டன. அதற்கு நானே எத்தனை அலுவலகங்களில் காத்துக் கிடந்தேன் என்பது வேறு கதை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தக்காரர் டிக்கெட்டை யாரும் தொடக்கூடாது. பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் மேனேஜர். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நான் சேர்ந்த புதிதில் அதற்கு அவர் சொன்ன காரணம் இது: "உங்க ஆளுன்னா ஒண்ணு ரொம்பப் பண்ணுவீங்க. இல்ல, யாராவது பேசிடுவாங்கன்னு பயந்து ஒண்ணுமே பண்ண மாட்டீங்க. ரெண்டும் கெடுதல்தான்மா."

எஸ்தரின் பெயரைப் பக்கத்து மேசை நாகரத்னாவிடம் கொடுத்தேன். கன்னடக்காரப் பெண். என்னோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவள், எஸ்தரைச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். முனுசாமி என் பயணி. அவரை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று பம்பாய்க்கு இருந்த வேறு வழி ஒன்றுதான். மதியம் இரண்டரை மணி விமானம். அது நிரம்பியிருந்தது. எந்த விமானத்தில் யாருக்கு இடம் என்று கடைசி வார்த்தை சொல்ல ஏர்லைனில் ஓர் ஆள் இருப்பார். சீட் கன்ட்ரோல் என்போம். அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காக்ஸ் டவுன்காரர். ஃபோனில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. முனுசாமிக்கு ஓர் இடம் வேண்டும் என்று நான் அவரை அழைத்தேன். வைத்ததும் நாகரத்னா அழைத்தாள், எஸ்தருக்கு ஓர் இடம் வேண்டும் என்று. மறுபடி நான். மறுபடி அவள். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் ஜாடிதான் இருந்தது. அவள் எஸ்தருக்காகக் கெஞ்சுவது என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிடம் நான் அதே ஆளிடம் அதே வார்த்தைகளைச் சொல்லி வேறொருவருக்காகக் கெஞ்சினேன். நாகரத்னா என்னைவிட நன்றாகக் கெஞ்சினாள்.

இதற்கிடையில் முனுசாமியைத் தேட வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டில் ஃபோன் இல்லாதவர்கள் பக்கத்துக் கடையின் நம்பரைக் கொடுப்பார்கள். பி.பி. நம்பர் என்போம். கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார், அல்லது செய்தி சொல்வார். ஊரே அதை நம்பித்தான் பயணம் செய்தது. முனுசாமி கொடுத்திருந்தது அவர் தெருவிலிருந்த ஒரு மளிகைக் கடையின் நம்பர். பேரைச் சொன்னதும் எதிர்முனையில் குரல் இறுகியது.

"அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்ல மேடம். தண்ணிக் கொழாய் சண்டை. வேற யார்கிட்டயாவது சொல்லுங்க."

வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை என்றேன். அதற்கு அவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டு வைத்துவிட்டார். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயணி ஒரு நம்பர் கொடுத்தால், அந்த நம்பருக்கும் அவருக்கும் இன்று உறவு எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். டிக்கெட் வாங்கிய நாளில் அவர்கள் அண்ணன் தம்பி மாதிரி இருந்திருப்பார்கள்.

பதினொன்றரை தாண்டியிருக்கும். என் ஃபோன் அடித்தது. சீட் கன்ட்ரோல்.

"ஒரே ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரு என் உயிர எடுக்கிறீங்கக்கா. ஒரு சீட் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. யார் பேரு போடட்டும்?"

நாகரத்னாவுக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். வாயைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்து எஸ்தர் பெயரைச் சொன்னாள். எதிர்முனையில் அவர், பேகா, சீக்கிரம் சொல்லுங்கக்கா, இன்னொரு லைன் காத்திருக்கு என்று அவசரப்படுத்தினார்.

முனுசாமி என்றேன்.

இதை உங்களிடம் நேர்மை என்ற பேரில் விற்க எனக்கு விருப்பமில்லை. அந்த இரண்டு விநாடியில் நான் எதையும் யோசிக்கவில்லை. காலையிலிருந்து அந்தப் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன், நாக்கில் அதுதான் இருந்தது. அல்லது, ஏஜென்சிக்காரி தன் மகளுக்குச் சீட் எடுத்துக்கொண்டாள் என்று காக்ஸ் டவுன் முழுக்கப் பேசுவார்களே என்ற பயமாக இருக்கலாம். எது என்று இத்தனை வருடத்தில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நாகரத்னா உட்கார்ந்தாள். "ரூல் எனக்கும் தெரியும்க்கா," என்றாள் மெதுவாக. "அதுக்காகப் பெத்த புள்ளயவா?"

பிறகு என் பக்கம் பார்க்காமல் எங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்து எஸ்தரிடம் பேசினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே ஏர்போர்ட்டுக்குப் போ, டிக்கெட் ஜன்னலில் சான்ஸ் லிஸ்டில் முதல் பேராகப் போடச் சொல்லியிருக்கிறேன், ஒரு ஆள் வராமல் போனால் அந்த சீட் உனக்கு என்றாள். மற்றவர்கள் எல்லாரும் வருவதாக உறுதி சொல்லியிருந்தார்கள், அந்த ஒரு ஆள் யார் என்று எனக்குத்தான் தெரியுமே. நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள்.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து நின்றிருந்தார். பல நாள் கழித்து, நானே கேட்டபோது சொன்னார்: "பேரு சொன்னது தப்பில்லம்மா. நீங்க சொன்னதுதான் தப்பு. ஃபோனை என்கிட்ட நீட்டியிருக்கணும்." அவராக இருந்தால் யார் பெயரைச் சொல்லியிருப்பார் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வழக்கம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம். பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இரண்டு மேசைக்கும் சேர்த்து ஒரே கேள்வி வரும்போது அந்த வழக்கம் உங்களைக் காப்பாற்றாது. அப்போது மூன்றாவது ஆளிடம் ஃபோனைக் கொடுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

மளிகைக் கடைக்கு மறுபடி ஃபோன் செய்தேன். எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். பி.பி. நம்பருக்குச் சொல்லியும் செய்தி போய்ச் சேரவில்லை என்று எழுதிவைத்தால் எந்த ஏஜென்சியையும் யாரும் கேள்வி கேட்க முடியாது. அன்றைக்கு அதுதான் என் முன்னால் இருந்த மிகச் சுலபமான வழி. அதில் ஒரு பொய்கூட இல்லை. ஆட்டோ பிடித்து ஒக்கலிபுரம் போனேன்.

ரயில்வே பாலத்துக்கு அடியில் வண்டிகள் நகரவில்லை. நகராவிட்டாலும் பரவாயில்லை என்று மனத்தில் ஒரு பாகம் சொன்னது. இன்னொரு பாகம் டிரைவரிடம் சீக்கிரம், சீக்கிரம் என்றது. அவர் திரும்பிப் பார்த்து, பறக்கவா சொல்றீங்க என்றார்.

முனுசாமி வீடு பூட்டியிருந்தது. வெளிநாடு போகும் முன் சாமி கும்பிடக் குடும்பத்தோடு கோவிலுக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். எந்தக் கோவில் என்று தெரியவில்லை. மாலை விமானம்தானே, மூன்று மணிக்குத் திரும்பினால் போதும் என்று அவர்கள் சாவகாசமாகப் போயிருப்பார்கள். நானும் மாலை விமானம் என்றுதானே டிக்கெட் எழுதிக் கொடுத்திருந்தேன்.

தெருமுனையில் அந்தக் கடை. கடைக்காரர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் தட்டைக் கீழே வைத்தார்.

"நேர்ல வந்தாலும் அதேதான் மேடம். ஒரு மாசமா அவன் மொகத்துல முழிக்கல."

விமானம் மாறியது, விசா, நள்ளிரவு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாடிக்கையாளருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார். அதன்பின் நான் ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே, அவரு வரலேன்னா அந்த சீட்ல என் பொண்ணு போவா. அவளுக்கும் விசா இன்னைக்கோட முடியுது. ஏர்போர்ட்ல பெட்டியோட நிக்கிறா. சொல்ல வேண்டியத உங்ககிட்ட சொல்லிட்டேன்."

அவர் நூலை அறுக்காமல் என்னைப் பார்த்தார். நான் வந்த ஆட்டோவிலேயே ஏறினேன். செய்தியைச் சொல்லாதே என்று அவரிடம் கேட்டுவிட்டு வந்தேனா, சொல் என்று கேட்டுவிட்டு வந்தேனா? வழி முழுக்க அதுதான் ஓடியது.

பழைய ஏர்போர்ட்டில் ஏர்லைன்களின் டிக்கெட் ஜன்னல்கள் வெளிப்புறத்தில் வரிசையாக இருக்கும். எஸ்தர் ஜன்னலுக்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். லிங்கராஜபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தனியாகவே வந்திருந்தாள். அவள் அப்பா ஷிப்டில் இருந்தார். மாலையில் நேராக ஏர்போர்ட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவருக்கு இது எதுவும் தெரியாது.

"நாகரத்னா ஆன்ட்டி எல்லாம் சொன்னாங்கம்மா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் தலையில் கை வைக்கப் போனேன். அவள் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த பையன் முனுசாமிக்கு ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரைத் தயாராக வைத்திருந்தான். அப்போது நேரம் மாறினால் பழைய டிக்கெட்டின் மேல் புது நேரத்தை எழுதிய ஒரு சிறு தாளை ஒட்டிக் கொடுப்போம். கவுண்ட்டர் மூடும்போது ஆள் வரவில்லையானால் அந்த இடத்தில் எஸ்தரின் பெயரை எழுதிவிடுவேன் என்றான். நல்ல பையன். ஆறுதலாக இருக்கட்டும் என்று, பத்துக்கு எட்டு பேர் இப்படி வர மாட்டார்கள் ஆன்ட்டி என்று வேறு சொன்னான்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், முடிவில் சொல்ல எனக்குத் திராணி இருக்காது. இப்படி ஏர்லைனே நேரத்தை மாற்றினால் முழுப் பணமும் பிடித்தமில்லாமல் திரும்பக் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள், அது பயணியின் உரிமை. தயங்கி நிற்பவருக்கு நீங்களே எழுதிக்கொடுங்கள். எஸ்தரின் டிக்கெட்டுக்கு ரீஃபண்டு வந்தது. அந்தக் காசோலையை அவளிடம் கொடுத்தபோது பிரித்துப் பார்க்காமல் பைபிளுக்குள் வைத்தாள். புது விசாவுக்கு எழுதினோம். மருத்துவமனை அந்த இடத்துக்கு அடுத்த பெண்ணை எடுத்துக்கொண்டது. எஸ்தர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான். கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அவள் ஞாயிறு கோவிலுக்கு வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் எழுந்து வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பேன். இன்னும் அப்படித்தான்.

அன்று ஜன்னலருகே நின்று நான் ஜெபம் செய்தேன். என்ன கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். சாலைப் பக்கம் வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்தேன். எஸ்தரும் பார்த்தாள். எங்களில் யார் எதை எதிர்பார்த்து அதைப் பார்த்தோம் என்பதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே இருந்த பையன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தான். எஸ்தரைப் பார்த்துச் சிரித்து, டிக்கெட்டைக் கொடுங்கள் என்று கையை நீட்டினான். அவள் எழுந்தாள். டிக்கெட் அவள் கையிலிருந்து அவன் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஸ்கூட்டர் நடைபாதை ஓரம் வரை ஏறி வந்து நின்றது. ஓட்டியவர் அந்த மளிகைக் கடைக்காரர். கை முழுக்கப் பருப்புத் தூசி அப்படியே இருந்தது. பின்னால், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, பாஸ்போர்ட், டிக்கெட்டோடு சாமி காலடியில் வைத்து எடுக்கக் கொண்டுபோன தோல்பையை மடியில் அணைத்துக்கொண்டு முனுசாமி. எந்தெந்தக் கோவிலில் தேடி, பேச்சில்லாத ஆளை எப்படிக் கூப்பிட்டு ஏற்றிவந்தாரோ, நான் கேட்கவில்லை. முனுசாமி ஓடிவந்து டிக்கெட்டை ஜன்னலுக்குள் திணித்தார். பையன் எஸ்தரின் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டிக்கரை எடுத்தான். முனுசாமிக்கு மூச்சு வாங்கியது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு திரும்பினார்.

"ஏம்மா, காலைல பத்து மணிக்கே தெரியுமாமே. பொண்டாட்டி புள்ள கோயில் உள்ள நிக்கிறாங்க, போயிட்டு வரேன்னுகூட சொல்லல நானு. உங்க வீட்டுப் புள்ளயா இருந்தா இப்படிக் கடைசி நேரத்துல அலைய விடுவீங்களா?"

எஸ்தர் டிக்கெட்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவளையும் அவள் காலடியில் இருந்த பெட்டியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், ஒரு மாதமாக முகம் பார்க்காத அந்த ஆளின் தோளில் கை வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"பேசாத. உள்ள போடா," என்றார்.